கெட்ட பழக்கம் எதுவும் இல்லாதவருக்கு ஏன் காசநோய் வருகிறது?

கேள்வி இதுதான்: “குடியும் புகையும் இல்லாத ஒருவருக்குக் காசநோய் எப்படி வருகிறது? உடம்பைச் சரியாகப் பேணாததன் விளைவுதானே நோய்?”

இதைக் கேட்டவர் அநேகமாக நோயாளியாக இருக்க மாட்டார். நோயாளியின் தம்பியாகவோ மகளாகவோ இருப்பார் என்று நினைக்கிறேன். வீட்டில் ஒருவருக்கு டிபி என்று தெரிந்த சில நாட்களிலேயே உறவினர் யாராவது அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லியிருப்பார்கள். அதற்கு உடனே மறுமொழி சொல்ல முடியாமல் இங்கே வந்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் அதைச் சொன்னவர் என் அத்தை. “வெளியூர்ல வேலைக்குப் போன இடத்துல என்னென்ன பழகினானோ, நமக்கா தெரியும்?” என்று என் அண்ணனின் மனைவி காதில் விழும்படியே கேட்டார். அண்ணன் பீடியைத் தொட்டவர் அல்லர். கல்யாண வீட்டுப் பந்தியில் பீடா போடுவதைக் கூடத் தவிர்ப்பவர்.

நான் மருத்துவர் இல்லை, செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிகிச்சை குறித்து எவருக்கும் அறிவுரை கூறும் தகுதி எனக்கில்லை. ஆனால் நோய்க்குக் காரணம் எது என்ற கேள்வியை வகுப்பறையிலும் வீட்டிலும் ஒருசேரச் சந்திக்க நேர்ந்ததால் எழுதுகிறேன்.

காசநோய் ஒரு பாக்டீரியாவால் வருகிறது. ராபர்ட் கோக் என்ற ஜெர்மன் மருத்துவர் 1882ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று பெர்லினில் அதை அறிவித்தார். அந்த நாளைத்தான் இன்று உலகக் காசநோய் நாளாகக் கடைப்பிடிக்கிறோம். நுரையீரல் காசநோய் உள்ளவர் இருமும்போது காற்றில் கலக்கும் கிருமியைச் சுவாசிப்பவருக்குத் தொற்று ஏற்படலாம். இதற்கு ஒழுக்கம், வருமானம், சாதி எதுவும் தடையில்லை. பாடப்புத்தகம் இவ்வளவோடு நின்றுவிடுகிறது; நானும் பல ஆண்டுகள் இந்த இடத்தில்தான் பாடத்தை முடித்துவந்தேன்.

ஆனால் உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரின் உடலில் இந்தத் தொற்று ஏற்பட்டிருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களில் வாழ்நாள் முழுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பேருக்குத்தான் அது நோயாக வெளிப்படுகிறது. மற்றவர்களின் உடலில் நோயெதிர்ப்புச் செல்கள் கிருமியைச் சூழ்ந்து அடக்கி வைத்துவிடுகின்றன. பல ஆண்டுகள், பெரும்பாலும் சாகும் வரைக்கும், அது அங்கேயே முடங்கிக் கிடக்கிறது. அப்படியானால், கிருமி இல்லாமல் காசநோய் இல்லை என்பது எவ்வளவு உண்மையோ, கிருமி மட்டுமே காசநோய் ஆகிவிடாது என்பதும் அவ்வளவு உண்மை. இந்த உடலில் அந்தக் காவல் ஏன் தளர்ந்தது என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. உங்கள் உறவினரும் இதையேதான் தம் போக்கில் கேட்கிறார். விடையைக் குணத்தில் தேடுவதுதான் அவர் செய்யும் பிழை.

அண்ணனின் கதையைச் சொன்னால் விளங்கும். மீசை அரும்பிய வயதிலேயே அவர் கிரானைட் அறுக்கும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். தண்ணீர் ஊற்றி அறுத்தால் தூசி அடங்கும் என்று எல்லோருக்கும் தெரியும்; ஆனால் சேறாகும், வேலை தாமதமாகும் என்பதால் ஓரம் செதுக்குவதும் மெருகேற்றுவதும் பெரும்பாலும் உலர்ந்த நிலையிலேயே நடந்தன. முகத்தில் ஒரு துண்டு கட்டிக்கொள்வார்கள். நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை சென்று படியும் தூசி கண்ணுக்கே தெரியாத அளவு நுண்மையானது. துண்டு அதைத் தடுக்காது. கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ் என்பது படிக வடிவச் சிலிக்கா. அந்தத் துகளை விழுங்கி அழிக்க முயலும் செல்கள் அழிக்க முடியாமல் தாமே மடிகின்றன, அந்த இடத்தில் தழும்பு விழுகிறது. சிலிக்கோசிஸ் என்பது அதுதான். காசநோய்க் கிருமியை அடக்கி வைக்கும் பணியும் அதே செல்களுடையது என்பதைக் கவனியுங்கள். சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பன்மடங்கு என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கூறுவதற்கு அடிப்படை இதுவே.

2023ஆம் ஆண்டில் இருமலும் மாலைக் காய்ச்சலும் விடாமல் தொடர்ந்தபோது, முதலில் சென்ற தனியார் மருத்துவமனையில் “குடிப்பீங்களா, சிகரெட் உண்டா?” என்று கேட்டார்கள். இல்லை என்றதும் இருமல் மருந்து கொடுத்து அனுப்பினார்கள். அவர் என்ன வேலை செய்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்து டிபி என்று உறுதி செய்தார்கள். அங்கே அவரை எடை பார்த்து, விரலில் கருவி மாட்டி ஆக்சிஜன் அளவு பார்த்து, துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்றும் பார்த்தார்கள். தமிழ்நாட்டில் 2022 முதல் நடக்கும் காசநோய் இறப்பில்லா திட்டத்தின்படி, மிகவும் நலிந்த நோயாளிகளைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து மருத்துவமனையில் சேர்ப்பதற்கான ஏற்பாடு அது. அரசு மருத்துவமனை என்றாலே முகம் சுளிப்பவர்கள் இதைக் கொஞ்சம் மனத்தில் கொள்ள வேண்டும். அண்ணனைச் சேர்க்கும் அளவுக்கு நிலைமை இல்லை. ஆனால் எடை நாற்பத்து நான்கு கிலோதான் இருந்தது. காசநோயாளிகள் எல்லோருக்கும் செய்யும் வழக்கப்படி இரத்தச் சர்க்கரையையும் பார்த்தார்கள். நீரிழிவு இருப்பது அன்றுதான் எங்களுக்குத் தெரியவந்தது. நீரிழிவு உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு, மூன்று மடங்கு கூடுதல்.

ஆக, கல் தூசி, தெரியாமலேயே ஏறியிருந்த சர்க்கரை, ஒல்லியான உடல், பட்டறைக்காரர்கள் கொடுத்த ஒற்றை அறையில் பலர் சேர்ந்து படுத்த இரவுகள். அந்த அறையில் எவருடைய இருமலிலிருந்து அவருக்குத் தொற்றியது என்று சொல்ல முடியாது. இவற்றில் எதை அவர் “பேணாமல்” விட்டார்? அப்பா இறந்த பிறகு என்னை ஆசிரியர் பயிற்சி வரை படிக்க வைத்த பணம் அந்தத் தூசியிலிருந்து வந்தது என்பதால், இந்தக் கேள்வியை நான் நடுநிலையோடு கேட்பதாகக் கூறிக்கொள்ள மாட்டேன்.

பழக்கங்களுக்குப் பங்கே இல்லையா என்று ஒருவர் மறுக்கக்கூடும். உண்டு. புகையும் மதுவும் காசநோய்க்கான வாய்ப்பை உயர்த்துகின்றன. அதை மறைப்பது நேர்மையாகாது. நான் சொல்வது, பழக்கங்களை மட்டும் விசாரித்துவிட்டுக் கோப்பை மூடிவிடக் கூடாது என்பது. ஏழ்மைதான் காரணம் என்றால் வசதியானவர்களுக்கு ஏன் வருகிறது என்ற வாதத்தையும் கேட்டிருக்கிறேன். காற்று பொதுவானது என்பதால் வருகிறது. இருப்பினும் எந்த ஊரிலும் அதன் சுமை ஒரே அளவாகப் பரவியிருப்பதில்லை. “கையில் தடுப்பூசித் தழும்பு இருக்கிறதே, பிறகு எப்படி?” என்று கேட்பவர்களுக்கு, அந்த விடை எங்கள் பழைய மாவட்டத்திலிருந்தே கிடைத்தது என்று சொல்வேன். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கி லட்சக்கணக்கானோரை உட்படுத்திப் பல்லாண்டுகள் நடந்த பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) ஆய்வு, அந்த ஊசி பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்று காட்டியது. குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலாக வரும் கொடிய வடிவத்திலிருந்து காப்பதற்காகவே இன்றும் அதைப் போடுகிறார்கள்.

உணவைப் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இங்கேதான் இரு தரப்பினரும் பாதி உண்மையை வைத்துக்கொண்டு சண்டையிடுகிறார்கள். 1956இல் சென்னையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து ஒரு மையத்தைத் தொடங்கின. சேத்துப்பட்டில் இன்றும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குவது அதுவே. அதுவரை காசநோயாளி என்றால் சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் படுக்கை, நல்ல காற்று, பால், முட்டை என்பதுதான் முறை. தாம்பரத்தை அடுத்த ரயில் நிலையத்துக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. சென்னை ஆய்வில், ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மறுபகுதியினரை அவர்களுடைய நெரிசலான வீடுகளிலும் வைத்து ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். வீட்டிலிருந்தவர்களுக்கு ஓய்வும் குறைவு, உணவும் குறைவு. ஆயினும் ஆண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 விழுக்காடு, வீட்டில் 86 விழுக்காடு. வீட்டில் உடனிருந்தவர்களுக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. உலகம் முழுவதும் காசநோயை வீட்டிலிருந்தபடியே குணப்படுத்தும் முறைக்கு வழி திறந்தது இதுதான். எனவே, நல்ல சாப்பாடு இருந்தால் மாத்திரை எதற்கு என்று சொல்லும் உங்கள் மாமாவின் பேச்சைக் கேட்டு ஒரு நாள் மாத்திரையைக் கூட நிறுத்திவிடாதீர்கள்.

அப்படியானால் உணவு முக்கியமில்லை என்று அதன்பின் பலர் முடிவுகட்டிவிட்டார்கள். அந்த ஆய்வு காட்டியது, நோய் வந்த பிறகு மருந்துதான் அதைத் தீர்க்கிறது என்பதை. நோய் ஏன் வந்தது என்ற வினாவுக்கு அது விடையளிக்கவில்லை. அந்த விடையின் ஒரு பகுதி ஜார்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில் இருக்கிறது. நோயாளியின் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு, ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, 1.5 கிலோ பருப்பு, சத்து மாத்திரைகள் என்று கொடுத்தார்கள். அப்படிக் கொடுக்கப்பட்ட குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. பிறருக்குத் தொற்றக்கூடிய நுரையீரல் காசநோயை மட்டும் எடுத்துக்கொண்டால் 48 விழுக்காடு. அரிசியும் பருப்பும் தடுப்பூசியின் வேலையைச் செய்தன என்றால் மிகையாகுமா என்று எனக்குத் தெரியவில்லை. மிகை என்று தோன்றினால் நீங்கள் குறைத்துப் படித்துக்கொள்ளலாம். இங்கிலாந்திலும் வேல்சிலும் காசநோய் மரணங்கள் பயனுள்ள மருந்து வருவதற்கு முன்பே பெருமளவு சரிந்துவிட்டன என்பதும் பதிவில் உள்ளது. அதற்கு உணவு காரணமா, வீட்டு வசதியா, நோயாளிகளைத் தனிமைப்படுத்தியதா என்பதில் அறிஞர்களுக்குள் ஓயாத விவாதம் உண்டு. எதுவாயினும் அது மருந்துக்கடையிலிருந்து வரவில்லை.

இந்த இடத்தில் ஒரு மனக்குறையைச் சொல்லாமல் போக முடியவில்லை. ஒவ்வோர் ஆண்டும் பள்ளியில் “ஆரோக்கியம் நம் கையில்” என்ற தலைப்பில் கட்டுரைப் போட்டி வைக்கச் சொல்கிறார்கள். காலையில் ஒன்றும் உண்ணாமல் பள்ளிக்கு வந்த பிள்ளை, கீரையும் பழமும் தினமும் உண்ண வேண்டும் என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்ததை நான் திருத்தியிருக்கிறேன். 2022 செப்டம்பரில் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அந்தக் கட்டுரைகள் அனைத்தையும்விடக் கூடுதலாக நோயைத் தடுக்கும் என்பது என் கருத்து. இதை அரசியலாகப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும்.

இனி, குணமடைதல் என்பது என்ன என்ற கேள்வி. அண்ணன் ஆறு மாதம் மாத்திரைகளை ஒழுங்காக முடித்தார். சளியில் கிருமி இல்லை என்று அறிக்கை வந்தது. அரசுப் பதிவேட்டின்படி அவர் குணமடைந்தவர். ஆனால் மாடிப்படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறார், நெஞ்சகநோய்ப் பிரிவில் சிடி ஸ்கேன் பார்த்த மருத்துவர்தான் முதன்முறையாக, “என்ன வேலை பாக்குறீங்க?” என்று கேட்டுச் சிலிக்கோசிஸ் என்று எழுதினார். அந்தத் தழும்பு இனி மாறாது. அவரைப் பொறுத்தவரை அவர் இன்னும் நோயாளி. மறுபுறம், இருமல் தொடங்கும் முன்பே, எடை குறைந்துகொண்டிருந்த மாதங்களில், “எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்” என்று சொல்லி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவரும் அவரேதான். எங்கள் தெருவுக்கோ அவர் என்றைக்கும் டிபி வந்தவர். அவர் மகளுக்கு வரன் பார்க்கும்போது அத்தையே அதை நினைவுபடுத்துகிறார். ஆய்வகமும் அவருடைய உடம்பும் தெருவும் ஒரே மனிதரைப் பற்றித் தரும் தீர்ப்புகள் ஒருபோதும் ஒத்துப்போகவில்லை. 1948இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம், நோயின்மை மட்டுமல்ல, உடல், மன, சமூக அளவிலான முழு நலமே ஆரோக்கியம் என்கிறது. அந்த “முழு” என்ற அளவுகோலை வைத்தால் எங்கள் தெருவில் ஒருவரும் தேறமாட்டோம் என்று நான் கேலி செய்ததுண்டு. ஆனால் சமூகத்தையும் அதில் சேர்த்தவர்கள் எதையோ அறிந்துதான் சேர்த்திருக்கிறார்கள்.

தொழிலாளர் சட்டத்தின் பட்டியலில் சிலிக்கோசிஸ் ஒரு தொழில்சார் நோய். இழப்பீடு கேட்கப் போனால், வேலை செய்ததற்கான சான்று கேட்கிறார்கள். பட்டறையில் வருகைப் பதிவேடு கிடையாது, சம்பளம் கையில்தான் கொடுத்தார்கள். உரிமையாளர் இப்போது அண்ணனைத் தெரியும் என்றே ஒப்புக்கொள்வதில்லை. மனு அலைந்துகொண்டிருக்கிறது.

உங்கள் வீட்டில் இருப்பவருக்கு வருகிறேன். சர்க்கரைப் பரிசோதனை செய்தாயிற்றா என்று பாருங்கள். உடனிருப்பவர்கள் அனைவரும், குறிப்பாகக் குழந்தைகள், பரிசோதித்துக்கொள்ளுங்கள். நோய் இல்லாதவர்களுக்குத் தடுப்பு மருந்தும் அரசு கொடுக்கிறது. ஊட்டச்சத்துக்காக மாதம் 500 ரூபாயாக இருந்த உதவித்தொகை 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய். வங்கிக் கணக்கு எண்ணைத் தவறாமல் பதியச் சொல்லுங்கள். அவர் கல், மணல், செங்கல் சூளை, வார்ப்படப் பட்டறை என்று தூசியில் எப்போதாவது வேலை செய்தவர் என்றால், மருத்துவர் கேட்கட்டும் என்று காத்திராமல், எத்தனை வருடம், என்ன வேலை என்பதை நீங்களே சொல்லி, சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.