எக்கோ சவுண்டருக்கு கெர்னல் டிரைவர்: ஒரே வரி ஏன் திரும்பத் திரும்ப வருது?

தங்கச்சிமடத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. அவங்க அண்ணன் விசைப்படகுல இருக்கிற எக்கோ சவுண்டரோட (ஒலி அனுப்பிக் கடல் ஆழம் அளக்குற கருவி) சீரியல் வயரை ராஸ்பெர்ரி பை போர்டுல மாட்டி, லினக்ஸ் கெர்னல்ல சீரியல் கருவிக்கு டிரைவர் எழுத இருக்கிற செர்டெவ்ங்கிற வசதியை வச்சு டிரைவர் எழுதியிருக்காரு. ப்ரோப் (டிரைவரைத் தொடங்கி வைக்கிற ஃபங்ஷன்) ஓடுது, டேட்டாவும் வருது, ஆனா முதல்ல வந்த வரியே மறுபடி மறுபடி வருதாம், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நீளமா வருது, ஒரு அளவுக்கு மேல அதுவும் நின்னுடுது. வயர் கோளாறா கோட் கோளாறான்னு கேக்குறாரு.

தம்பி, வயர் இல்ல, கோடுதான். டேட்டா வந்ததும் கெர்னல் கூப்பிடுற உங்க ரிசீவ்_பஃப் ஃபங்ஷனோட கடைசி வரியைப் பாருங்க, ரிட்டர்ன் 0ன்னு இருக்கும். கெர்னல்ல முக்காவாசி இடத்துல 0ன்னா வேலை நல்லபடியா முடிஞ்சுதுன்னு அர்த்தம், அந்தப் பழக்கத்துல கை தானா போட்டுடும். ஆனா இந்த ஃபங்ஷன் எத்தனை பைட்டை வாங்கிக்கிட்டீங்கன்னு சொல்லணும். நீங்க 0ன்னா எதையும் எடுக்கலன்னு ஆகுது, அதனால டிடிஒய் லேயர் (சீரியல் போர்ட்டைக் கவனிக்கிற கெர்னல் பகுதி) அந்த பைட்டுகளை அப்படியே வச்சிருந்து, அடுத்து டேட்டா வரும்போது பழசையும் புதுசையும் சேத்து முதல்ல இருந்து குடுக்குது. நீளமாகிட்டே போனது அதனாலதான். எல்லாத்தையும் எடுத்துக்கிட்டா கவுன்ட்டையே, அதாவது வந்த மொத்த எண்ணிக்கையையே திருப்பிக் குடுங்க, பாதி எடுத்தா பாதியோட எண்ணிக்கை.

இதை சரி பண்ணினதும் அடுத்த பிரச்சனை வரும், இப்பவே சொல்லிடுறேன். சீரியல்ல வர்றது வெறும் பைட்டு, வரியில்ல. என்எம்இஏ 0183 (படகுக் கருவிகள் டேட்டா அனுப்புற பொது முறை) கருவி 4800 பாட்ல, அதாவது வினாடிக்கு 4800 பிட்டுல பேசும், ஒரு பைட்டுக்கு ஸ்டார்ட், ஸ்டாப் சேத்து 10 பிட், அப்போ வினாடிக்கு 480 பைட்டுதான். ஒரு சென்டென்ஸ், அதாவது ஒரு வரி, அதிகபட்சம் 82 எழுத்து, அது முழுசா வந்து சேரவே கிட்டத்தட்ட 0.17 வினாடி ஆகும், அதுக்குள்ள உங்க ஃபங்ஷனை பல தடவை கூப்பிட்டுருக்கும். ஒரு தடவை டாலர் குறியும் நாலு எழுத்தும் வரும், அடுத்த தடவை மிச்சமும் அடுத்த வரியோட தலையும் சேந்து வரும். அதனால உங்க டிரைவருக்குள்ள சொந்தமா ஒரு பஃபர் வேணும், டாலர் வந்தா புதுசா ஆரம்பிங்க, புதுவரி குறி வந்தா டாலருக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவுல உள்ள எல்லா எழுத்தையும் எக்ஸ்ஆர் (XOR) பண்ணி, நட்சத்திரத்துக்கு அப்புறம் வர்ற செக்சத்தோட (வரி பிழையில்லாம வந்துச்சான்னு பாக்குற எண்) ஒத்துப்போகுதான்னு பாருங்க, ஒத்துவரலன்னா தூக்கிப் போடுங்க. 82ஐத் தாண்டியும் வரி முடியலன்னா அதையும் தூக்கிப் போடுங்க.

அந்த பஃபர், லாக் எல்லாத்தையும் ஓப்பன் பண்றதுக்கு முன்னாடியே ரெடி பண்ணிடணும், ஏன்னா ஓப்பன் ஆன அடுத்த நொடியே டேட்டா வரலாம். பாட் ரேட் மட்டும் ஓப்பனுக்கு அப்புறம்தான். ரிசீவ்_பஃப்ல ஸ்லீப் ஆகலாம் (நின்னு காத்திருக்கலாம்), ஆனா ரைட்_வேக்அப்ல (எழுத இடம் கிடைச்சதும் கூப்பிடுற ஃபங்ஷன்) ஸ்லீப் ஆகவே கூடாது. டிவைஸ் ட்ரீயில (போர்டுல என்னென்ன கருவி இருக்குன்னு கெர்னலுக்குச் சொல்ற பட்டியல்) யுஆர்ட்டுக்கு (சீரியல் போர்ட்) கீழ உங்க நோடைப் போட்டதும் அந்த போர்ட்டோட டிடிஒய் ஃபைல் காணாமப் போகும், பயப்படாதீங்க, அது அப்படித்தான். படிச்சுப் பாக்க கெர்னல் சோர்ஸ்லயே ஐஐஓ (சென்சார் டிரைவர்கள் இருக்கிற பகுதி) பக்கம் பிஎம்எஸ்7003ன்னு ஒரு தூசி சென்சாரோட டிரைவர் இருக்கு, சின்னது, அதுவும் செர்டெவ்தான், பாதி பாதியா வர்றதை எப்படி சேக்குறாங்கன்னு அதுல தெளிவா தெரியும்.

ஒண்ணு மனசுல பட்டதை சொல்றேன். அண்ணனுக்கு திரையில ஆழம் தெரிஞ்சா போதும்னா கெர்னலே தேவையில்ல, டிடிஒய்யைத் திறந்து படிக்கிற சின்ன பைதான் ஸ்கிரிப்ட் போதும், தப்பா போனாலும் போர்டு தொங்காது. கத்துக்கணும்னு ஆசைப்பட்டு எழுதுறீங்கன்னா தாராளமா எழுதுங்க, ஆனா கடலுக்குப் போற படகுல அதை மட்டும் நம்பி விடாதீங்க. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், 61 நாள் படகு கரையிலதான் நிக்கும், அப்ப வச்சு சோதிங்க. அதுக்கு முன்னாடி ஒரு நாள் கடல்ல ஓடுற டேட்டாவை ஃபைல்ல பிடிச்சு வச்சுக்கிட்டா வீட்டுல உக்காந்தே திரும்ப ஓட்டிப் பாக்கலாம்.

வயரையும் சும்மா விடாதீங்க. கருவியோட வெளியீடு ஆர்எஸ்-232ஆ இருந்தா நேரா பை பின்னுல குடுக்காதீங்க, அது 3.3 வோல்ட்தான் தாங்கும், நடுவுல மேக்ஸ்3232 மாதிரி ஒரு சிப் வேணும். எனக்கு மண்டபத்துல ஒரு படகுல செக்சம் தப்பா தப்பா வந்துக்கிட்டே இருந்துச்சு, ரெண்டு நாள் கோடையே நோண்டினேன், கடைசியில கனெக்டரைக் கழட்டிப் பாத்தா உப்புக் காத்துல பின் முழுக்க பச்சைக் களிம்பு.

டிபிடி (DBT, ஆழத்தைச் சொல்ற சென்டென்ஸ்) வரியில அடி, மீட்டர், ஃபேதம்னு மூணு அளவு வரும். கெர்னலுக்குள்ள ஃப்ளோட் கணக்கு போடக்கூடாது, அதனால 3.6ங்கிறதை 36ன்னு முழு எண்ணா மாத்தி வச்சுக்கோங்க. அண்ணன்கிட்ட காட்டும்போது மீட்டர்ல காட்டாம மூணாவது நம்பரைக் காட்டுங்க, அவங்க பாகம்னு சொல்றது அதைத்தான். அந்த இடத்தைக் கருவி காலியா விட்டிருந்தா அடியை ஆறால வகுத்துக்கோங்க.