ஜூலியோ ரொமானோ: மாந்துவா அரசவைக் கட்டடக் கலைஞர் பற்றிக் கேள்வி பதில்

இத்தாலியில் கொன்சாகா குடும்பம் ஆண்ட மாந்துவா நகரில் 22 ஆண்டுகள் அரசவைக் கட்டடக் கலைஞராக இருந்தவர் ஜூலியோ ரொமானோ. அவரைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அரசவைக் கட்டடக் கலைஞர் என்றால் அரண்மனை மட்டும்தான் கட்டுவாரா?

இல்லை. ரோமில் ரஃபேலிடம் தொழில் படித்த இவரை, 1524 அக்டோபரில் மாந்துவாவுக்கு அழைத்து வந்தவர் ரோமில் மாந்துவாவின் தூதராக இருந்த காஸ்திலியோனே. 1526இல் குடியுரிமை கிடைத்தது. கொன்சாகா கட்டடங்களோடு நகரத்துத் தெருக்களும் இவர் பொறுப்பில் வந்தன. வெள்ளிப் பாத்திரங்களுக்கும் திரைச்சீலைகளுக்கும் வரைபடம் போட்டார். 1530இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் வந்தபோது வரவேற்பு அலங்காரம், மாந்துவாவை ஆண்ட ஃபெடரிகோ கொன்சாகாவின் செல்ல நாய்க்குக் கல்லறை, எல்லாமே இவர் கை வேலைதான். வேலையைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லி ஃபெடரிகோ எழுதிய கண்டிப்பான கடிதங்களும் உண்டு.

ஆபாசப் படம் வரைந்து மாட்டிக்கொண்டு ரோமைவிட்டு ஓடினார் என்கிறார்களே?

அந்த வரைபடங்கள் இவருடையவைதான். அவற்றைச் செதுக்கி அச்சிட்ட ரைமொண்டி சிறைக்கும் போனார். ஆனால் ஜூலியோவை அழைத்துவரும் பேச்சு அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. ஓடினார் என்பதை நம்பாதீர்கள்.

மாந்துவாவில் இவர் கட்டிய அரண்மனை பலாட்ஸோ தே முழுக்கக் கல்லா?

செங்கல். மேலே சுதை பூசிக் கல் மாதிரி காட்டியிருக்கிறார். மாந்துவா பக்கம் நல்ல கல் கிடையாது. படத்தை மட்டும் பார்த்துக் கல் என்று எழுதாதீர்கள்.

நான் சிவில் இன்ஜினியர். முற்றத்தில் கட்டைகள் கீழே இறங்கி நிற்கின்றன. அது அஸ்திவாரம் அமிழ்ந்ததால் வந்தது. கலை என்று சொல்வது பிறகு கட்டிய கதை.

இதை விரிவாகவே சொல்ல வேண்டும். தூண்களுக்கு மேலே ஓடும் கிடைப்பட்டையில் மூன்று வரிப்பள்ளம் உள்ள கட்டைகள் வரும். அவற்றுக்குத் திரிகிளிஃப் என்று பெயர். கிழக்கு, மேற்குச் சுவர்களில் இரண்டு தூண்களுக்கு இடையே நடுவில் இருக்கும் கட்டை மட்டும் நழுவியிருக்கிறது. ஒவ்வொரு இடைவெளியிலும் அப்படித்தான். மண் அமிழ்ந்தால் இவ்வளவு ஒழுங்காக அமிழுமா? பக்கத்திலேயே உச்சிக்கல்கள் (வளைவின் உச்சியில் வைக்கும் நடுக்கல்) மேலே முட்டிக்கொண்டு நிற்கின்றன. அப்புறம் அதே அரண்மனையின் ராட்சதர் அறைக்குள் போங்கள். தூண்கள் முறிந்து ராட்சதர்கள் மேல் விழுகிற ஓவியம் சுவரிலிருந்து கூரைவரை ஒரே காட்சியாக ஓடுகிறது. முற்றத்தில் ஒரு கட்டை நழுவுகிறது, உள்ளே உலகமே இடிகிறது. இரண்டும் ஒரே மனதில் பிறந்தவை.

அதே இன்ஜினியர்: அப்படியானால் தூண் இடைவெளிகள் ஏன் சமமாக இல்லை? அதுவும் கலையா?

நல்ல கேள்வி. இதில் பாதி நியாயம் உங்கள் பக்கம். அங்கே முன்பு கொன்சாகாக்களின் குதிரை லாயம் இருந்தது. 1525இல் வேலை தொடங்கியபோது பழைய சுவர்களை இடிக்காமல் உள்ளேயே சேர்த்துக்கொண்டார்கள். இடைவெளி கோணலானதற்கு அது காரணம். ஆனால் நழுவிய கட்டைக்கு லாயம் பொறுப்பில்லை. அது சுதையில் வேண்டுமென்றே செய்தது.

ஆபாசப் படத்தால்தானே மாந்துவா போனார்?

மேலே பாருங்கள்.

வீட்டில் ஒரு பழைய அச்சுப்படம் இருக்கிறது. என்ன விலை போகும்?

அது என் துறை இல்லை. மதிப்பீட்டாளரிடம் நேரில் காட்டுங்கள்.

வத்திக்கான் தேவாலயம் இவர் கைக்கு வர இருந்ததாமே?

ஆமாம். 1546 ஆகஸ்டில் அதன் கட்டடக் கலைஞர் சங்கால்லோ இறந்ததும் புனித பேதுரு தேவாலயப் பணிக்கு இவரைக் கூப்பிட்டார்கள். 1540இல் ஃபெடரிகோ இறந்த பிறகு இவரை ஆதரித்த கர்தினால் எர்கோலே விடவில்லை, மனைவியும் நண்பர்களும் தடுத்தார்கள் என்கிறார் கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி. வசாரியை ஒற்றைச் சாட்சியாக வைத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் 1541இல் மாந்துவாவுக்கே போய் ஜூலியோவோடு பழகியவர் என்பதையும் மறக்க வேண்டாம். நவம்பர் 1ஆம் தேதி ஜூலியோ மாந்துவாவிலேயே இறந்தார். வேலை மைக்கலாஞ்சலோவிடம் போனது.