பழைய இங்க் பேனாக்களைச் சரிசெய்வதைப் பொழுதுபோக்காகத் தொடங்கலாமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

தாராளமாகத் தொடங்கலாம். கேள்வி கேட்டவர் கூடவே மூன்று சந்தேகங்களையும் எழுதியிருக்கிறார்: பழைய பேனா எங்கே கிடைக்கும், கருவிகளுக்கு எவ்வளவு ஆகும், முதல் பேனாவாகப் பார்க்கர் 51 வாங்கலாமா? கடைசிச் சந்தேகத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம்.

பார்க்கர் 51 சந்தைக்கு வந்தது 1941இல். அருமையான பேனா, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வேலை கற்றுக்கொள்ள அது உதவாது. 1948இலிருந்து வந்த, உள்ளே உலோக உறை போட்ட வகையில் மை தேங்கும் பிளாஸ்டிக் பை எழுபது வருஷம் கழித்தும் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. தண்ணீரில் வைத்துப் பலமுறை அமுக்கிக் கழுவினாலே எழுத ஆரம்பித்துவிடும். அதற்கு முந்தைய வகையில் உள்ளே ரப்பர் சவ்வு. அதை மாற்ற அதற்கென்றே தனிக் கருவி வேண்டும். ஒன்றில் உங்களுக்கு வேலையே இல்லை, இன்னொன்றில் உங்களால் இப்போதைக்கு ஆகாத வேலை. போதாக்குறைக்கு, நிப்பை மூடிய அதே சாயலில் வந்த சீனத்து ஹீரோ பேனாவைப் பார்க்கர் என்று தலையில் கட்டிவிடுகிறவர்களும் உண்டு.

சொல்லப்போனால் பழகுவதற்கு அந்த ஹீரோவே போதும். பர்மா பஜாரில் அது சக்கைப்போடு போட்ட காலத்தில் வடசென்னையில் வாங்காத வீடு குறைவு. இன்றும் பீரோ டிராயரில் சாவிக்கொத்துக்கும் ரேஷன் கார்டுக்கும் நடுவில் ஒன்றாவது கிடக்கும். அதனால் தேடலை வீட்டிலிருந்தே தொடங்குங்கள். ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர் பக்கமெல்லாம் துறைமுகத்திலும் ரயில்வேயிலும் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர்கள் நிறைய. பெரியப்பா, தாத்தா, மாடி வீட்டுப் பெரியவர் என்று கேட்டுப் பாருங்கள். "எழுதலப்பா அது, நிப்பு போச்சு" என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். பத்துக்கு எட்டில் நிப்பு போயிருக்காது. மை காய்ந்து அடைத்திருக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது காயலான் கடையும் பழைய பேப்பர் கடையும். எங்கள் தெருக் கடைக்காரர் பேனா வந்தால் எனக்கென்று ஒரு டப்பாவில் போட்டு வைக்கிறார். "இன்னா சார், பத்து ரூபா பேனாவ வெச்சிக்கினு நாள் பூரா நோண்டுவியா" என்று கேட்டுக்கொண்டேதான் தருவார். மூர் மார்க்கெட் 1985இல் எரிந்த பிறகு சென்ட்ரல் பக்கத்து லில்லி பாண்ட் வளாகத்துக்குப் போன கடைகளில் பழைய புத்தகம்தான் பிரதானம். பேனா கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம்.

கருவிகள் என்று பெரிதாக ஒன்றுமில்லை. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ், மருந்துக் கடையில் கிடைக்கும் காது கழுவும் ரப்பர் பல்ப், மிருதுவான பல் பிரஷ், முடி உலர்த்தும் டிரையர், மெல்லிய பித்தளைத் தகடு, கொஞ்சம் சிலிக்கோன் கிரீஸ். டிரையர் வீட்டில் இருந்தால் மற்றதெல்லாம் ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். கழுவுவதற்குக் கேன் தண்ணீர் நல்லது. போர் தண்ணீரின் உப்பு நிப்புக்கு அடியில் இருக்கும் கருப்புக் கட்டையின் மெல்லிய பள்ளங்களில் படிந்துவிடும்.

இந்தப் பொழுதுபோக்கில் பாதிக்கு மேல் ஊறவைத்துக் காத்திருப்பதுதான். நிப்பும் கழுத்தும் (நிப்பைத் தாங்கும், விரல் பிடிக்கும் பகுதி) நனையும்படி மட்டும் பச்சைத் தண்ணீரில் ராத்திரி பூராவும் வையுங்கள். காலையில் தண்ணீர் நீலமாகியிருந்தால் கொட்டிவிட்டு மறுபடி வையுங்கள். வெந்நீர் கூடவே கூடாது. பழைய பேனாக்கள் பலவும் எபோனைட், அதாவது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழசான எபோனைட்டை முழுசாகத் தண்ணீரில் போட்டால் கருப்பு போய் பாசி படிந்த பழுப்பு நிறம் வந்துவிடும். கட்டைவிரலால் சூடு வரத் தேய்த்து முகர்ந்து பாருங்கள்: கந்தக நெடி அடித்தால் எபோனைட். கற்பூர வாசனை வந்தால் செல்லுலாய்ட். அதைத் தீயின் பக்கமே கொண்டுபோகக் கூடாது, சட்டென்று பற்றிக்கொள்ளும்.

முதல் நிஜ வேலையாக நான் சொல்வது, பக்கவாட்டில் சின்ன நெம்புகோல் வைத்த பேனாவில் ரப்பர் பை மாற்றுவது. ஷீஃபர், எஸ்டர்புரூக் போன்ற அமெரிக்கக் கம்பெனிகளின் பழைய பேனாக்களில் இந்த அமைப்பு உண்டு. நெம்புகோலைத் தூக்கினால் உள்ளே ஒரு தகடு பையை அமுக்கும், விட்டால் பை விரிந்து மையை உறிஞ்சும். கழுத்தை டிரையரால் சூடாக்குங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு என்றால் அதிகம். இலேசாகத் திருகியபடி இழுங்கள். வரவில்லையா, மறுபடி சூடு. பலம் காட்டுகிற வேலையே இல்லை. பலம் காட்டினால் உடல் விரியும். கழன்றதும் பழைய பை நொறுங்கின அப்பளமாய்க் கொட்டும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். கடற்காற்றுக்கு எங்கள் பக்கம் ஜன்னல் கம்பியே தாங்காது, அந்தத் தகடு எம்மாத்திரம்! துருவேறி ஒடிந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

புதுப் பையை இணையத்தில்தான் வாங்க வேண்டியிருக்கும். அளவு எண் என்பது அங்குலத்தில் 64இல் எத்தனை பங்கு என்ற கணக்கு. 16ஆம் எண் என்றால் கால் அங்குலக் குறுக்களவு. பேனாவின் அடியில் முட்டாத நீளத்துக்கு வெட்டி, கழுத்தின் பின்முனையில் மெல்லிசாக ஷெல்லாக் தடவி, பையை மாட்டி ஒருநாள் காயவிடுங்கள். ஷெல்லாக் என்பது நம்ம அரக்குதான், தச்சர்கள் பாலிஷுக்குக் கரைப்பது. ஃபெவிக்விக் பக்கம் போகாதீர்கள். அரக்கு சூடு காட்டினால் விட்டுக்கொடுக்கும். பத்து வருஷம் கழித்து அடுத்தவர் பேனாவைத் திறக்க அதுதான் வழி. பையின் மேல் வாசனை சேர்க்காத டால்க் பூசிவிட்டு மூடலாம்.

நிப்பில் கை வைக்கும் முன் லென்ஸில் பாருங்கள். முனை இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா, நடுக் கீறலில் காய்ந்த மை நிற்கிறதா என்று பார்த்தாலே பாதிக் குறை தெரிந்துவிடும். கீறலில் பித்தளைத் தகட்டை ஒருமுறை ஓட்டுங்கள், விரல் நகத்தால் முனையை மட்டம் செய்யுங்கள். உப்புத்தாளில் தேய்ப்பதெல்லாம் அப்புறம்; தேய்த்தது திரும்பி வராது.

பளபளப்பாக்கும் ஆசையிலும் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் காலத்தில் பேனா வாங்கினால் கடையிலேயே பெயர் பொறித்துத் தருவார்கள். யாரோ ஒருவரின் இனிஷியலும் பெயரும் மங்கலாகத் தெரிகிற பேனாவைப் பாலிஷ் போட்டு வழித்தெடுப்பவரிடம் நான் பேனா கொடுக்க மாட்டேன். பிடிவாதம் என்று சொன்னாலும் சரி.

வெளிநாட்டுப் பேனாதான் என்றில்லை. சுதேசிப் பேச்சு ஓங்கியிருந்த 1930களில் ராஜமுந்திரியில் ரத்னம் பேனா வந்தது. நம்ம திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரர்கள் இன்றும் எபோனைட் கட்டையைக் கடைசலில் பிடித்துக் கையாலேயே செய்கிறார்கள். பெரம்பூரில் மின்சார ரயில் ஏறினால் போய்விடலாம். பாரிமுனை என்.எஸ்.சி. போஸ் சாலை ஜெம் அண்ட் கோ பேனாவுக்கென்றே பேர்போன கடை. நிப் மாற்ற வேண்டுமானால் பேனாவைக் கையோடு கொண்டுபோங்கள், அளவு பார்த்து வாங்கலாம். உடலிலேயே மை ஊற்றும் நம்மூர்ப் பேனாக்களில் பையும் இல்லை, தகடும் இல்லை. கழுத்து மரையில் கசியும், கை நீலமாகும். மரையில் சிலிக்கோன் கிரீஸைத் தொட்டு வைத்தால் முக்கால்வாசிக் கசிவு நின்றுவிடும்.

இதில் காசு பார்க்கலாமா என்று பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருந்தார். செலவைக் கைக்குள் வைத்துக்கொள்ளலாம், சம்பாத்தியம் என்று நம்பி இறங்காதீர்கள்.

சரிசெய்த பேனாவில் பிரில் ராயல் ப்ளூ மாதிரிச் சாதாரண மையை ஊற்றுங்கள். படம் வரையும் இந்தியன் இங்க் வேண்டவே வேண்டாம். அதில் இருக்கும் பிசின் காய்ந்து இறுகினால் மறுபடி ஊறவைத்தாலும் கரைவது கடினம். வாரக்கணக்கில் எழுதப் போவதில்லை என்றால் மையை வெளியேற்றிக் கழுவி, மூடியைத் திறந்தபடி ஒருநாள் நிழலில் உலரவிட்டு எடுத்து வையுங்கள்.