பாதி வசனம் போதாது

கேள்வி: நீதிமொழிகள் 26:4 மூடனுக்குப் பதில் சொல்லாதே என்கிறது, அடுத்த வசனமே சொல் என்கிறது. எங்கள் ஜெபக்குழுவில் ஓர் அண்ணன் 1 கொரிந்தியர் 14:34ஐக் காட்டிப் பெண்கள் வாய்விட்டு ஜெபிக்கக் கூடாது என்கிறார். 11:5இல் பெண்கள் ஜெபிக்கிறார்களே! எதைப் பின்பற்றுவது?
- ஒரு வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: எல்லாவற்றையும்தான், சகோதரி. ஆனால் முழுதாக. உங்கள் கடிதத்தில் உள்ளவை எல்லாம் பாதி வசனங்கள். காரணம் மறுபாதியில் இருக்கிறது.

நீதிமொழிகள் 26:4 'கொடுத்தால் நீயும் அவனைப்போலாவாய்' என்று முடிகிறது. அது உங்களுக்கு வரும் கேடு. 26:5 'கொடாவிட்டால் அவன் தன் பார்வைக்கு ஞானியாயிருப்பான்' என்கிறது. இது அவனுக்கு வரும் கேடு. தொகுத்தவர் தெரிந்தேதான் இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார். குழு வாட்ஸ்அப்பில் ஒருவர் உங்களைச் சீண்டுகிறார், நீங்கள் தட்டிய பதிலிலும் அவருடைய தொனியே இருக்கிறது என்றால் 4ஆம் வசனம், அழித்துவிடுங்கள். 'விசுவாசம் இருந்தால் சர்க்கரை மாத்திரையை நிறுத்தலாம்' என்று எழுதுகிறார், வயதானவர்கள் ஆமென் போடுகிறார்கள் என்றால் 5ஆம் வசனம். அன்றே, எல்லாரும் பார்க்கும்படி, இரண்டே வரியில் மறுத்துவிடுங்கள். இங்கே மவுனம் பாவம்.

மாற்கு 1:44இல் இயேசு தாம் குணமாக்கிய குஷ்டரோகியிடம் யாருக்கும் சொல்லாதே என்பதும், 5:19இல் பிசாசு பிடியிலிருந்து விடுவித்த மனிதனிடம் போய்ச் சொல் என்பதும் இப்படித்தான். கலிலேயாவில் அந்தக் குஷ்டரோகி சொல்லிப் பரப்பியதால் இயேசு வெளிப்படையாய்ப் பட்டணத்துக்குள் நுழைய முடியாமல் போனது (1:45). இரண்டாமவனின் ஊர்ப்பக்கமான தெக்கப்போலியிலோ மக்கள் இயேசுவையே போகச் சொல்லிவிட்டார்கள். அங்கே சொல்ல விடுதலை பெற்ற அந்த ஒருவன்தான் மிஞ்சினான்.

இனி கொரிந்தியருக்கு எழுதிய பவுல். 14ஆம் அதிகாரத்தில் அவர் மூன்று தரப்பாரைப் பேசாமலிருக்கச் சொல்கிறார். அர்த்தம் சொல்பவர் இல்லாதபோது அந்நியபாஷை (ஆவியின் ஏவுதலால் பேசும், கேட்பவருக்குப் புரியாத மொழி) பேசுகிறவர் (28), இன்னொருவருக்கு வெளிப்பாடு கிடைக்கும்போது பேசிக்கொண்டிருப்பவர் (30), பிறகு பெண்கள் (34). முதல் இரண்டும் அந்தந்த நேரத்துக்கான ஒழுங்கு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. மூன்றாவதை மட்டும் ஆயுள் தடையாக்குவது நியாயமல்ல. 35ஐப் படியுங்கள்: கற்றுக்கொள்ள விரும்பினால் வீட்டில் புருஷரிடம் விசாரிக்கட்டும். கூட்டத்தின் நடுவே எழும் கேள்விகளைத்தான் அவர் நிறுத்துகிறார் என்பதே என் வாசிப்பு. 11:5இல் ஜெபிக்கிற, தீர்க்கதரிசனம் சொல்கிற பெண்ணிடம் அவர் கேட்பது முக்காடு மட்டுமே; தடைசெய்த செயலுக்கு எப்படி உடுத்துவது என்று யாரும் விதி எழுதமாட்டார்கள். சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் 34, 35 வசனங்கள் 40க்குப் பிறகு வருகின்றன, அதாவது அவற்றின் இடமே எல்லாப் பிரதிகளிலும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1 தீமோத்தேயு 2:12 வேறு வழக்கு. அது பெண்கள் உபதேசிப்பது, ஆண்கள்மேல் அதிகாரம் செலுத்துவது பற்றியது. சபைகள் அதில் உண்மையாகவே பிரிந்து நிற்கின்றன. ஜெபத்தைத் தடுக்க அதை இழுக்காதீர்கள்.

அந்த அண்ணனிடம் ஒன்று கேளுங்கள்: அந்நியபாஷையில் பேசுகிறவர்கள் அதிகம் போனால் மூன்று பேர், அதுவும் ஒருவர்பின் ஒருவராக என்று அதே அதிகாரத்தின் 27ஆம் வசனம் சொல்கிறதே, அதை அவர் குழுவில் எத்தனை முறை அமல்படுத்தியிருக்கிறார்?