இன்னோர் அணியும் சம்பள நாளும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்தவன். இப்போது பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வார இறுதியில் ஊருக்கு வந்துவிடுவேன். 2025இல் பேராக் அணி மலேசியாவின் முதல்நிலைக் காற்பந்துப் போட்டியான சூப்பர் லீக்கிலிருந்து விலகிய பிறகு எங்களுக்குப் போக ஆட்டமே இல்லை. சுங்கை சிப்புட், கோலகங்சார், தைப்பிங் மூன்று ஊரையும் சேர்த்து ஒரு தொழில்முறைக் காற்பந்து அணி தொடங்கினால் என்ன என்று நண்பர்கள் பேசிக்கொண்டிருக்கிறோம். பெரிய ஸ்பான்சர் ஒருவர் கிடைத்தால் முடியும் என்று நம்புகிறோம். நாளைக்கே ஈப்போவில் பழைய அணி திரும்பி வந்தாலும், வடக்குப் பேராக் தனியாக இன்னோர் அணியைத் தாங்குமா? அதில் இந்திய ஆட்டக்காரர்களுக்கு இத்தனை இடம் என்று ஒதுக்கலாமா? செம்பனை (பாம் ஆயில்) நிறுவனம் ஏதாவது ஸ்பான்சர் ஆகுமா? ஜெர்சியும் சின்னமும் வரைந்து வைத்துவிட்டோம். ஸ்பான்சரிடம் பேச உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பி,

கொஞ்ச நாளாக நானும் இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். ஊரை விட்டுப் போன பிள்ளைகள் ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று உட்கார்ந்து பேசுகிறார்களே, அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது கோபமும் வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

சில்லறைக் கேள்விகளை முதலில் தீர்த்துவிடலாம். ஜெர்சி, சின்னம் பற்றி இப்போது பேச ஒன்றுமில்லை. இந்தியருக்கு இட ஒதுக்கீடு வேண்டாம். எம்.ஐ.எஸ்.சி–மிஃபா என்று நம் ஆட்களின் அணி ஒன்று 2017இல் இங்கே இரண்டாம் நிலையான பிரிமியர் லீக் வரைக்கும் ஏறி வந்தது. அதுதான் பிறகு பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று பெயர் மாறி, 2019 முதல் 2022 வரை சூப்பர் லீக்கில் ஆடிவிட்டு விலகிக்கொண்டது. தேசிய அணியின் பழைய நட்சத்திரங்கள் ஆறுமுகமும் சந்திரனும் ஒதுக்கீட்டில் வந்து நாட்டுக்கு ஆடவில்லை. நம் பையன்கள் ஆடுவதற்குத் திடல் வேண்டும், சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். ஒதுக்கீட்டுப் பேச்சை இத்தோடு விட்டுவிடுங்கள்.

தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பேராக்கில் இரண்டு அணி இருந்த காலம் ஒன்றும் வெகு தூரத்தில் இல்லை. பேராக் மாநில மேம்பாட்டுக் கழகத்தின் பி.கே.என்.பி அணி 2018, 2019 இரண்டு ஆண்டும் சூப்பர் லீக்கில் ஆடியது. அதே 2018இல்தான் பேராக் அணி ஷா ஆலாமில் திரங்கானுவைப் பெனால்டியில் வென்று மலேசியக் கிண்ணத்தைத் தூக்கியது. ஒரே மாநிலத்தின் இரண்டு அணிகள் நாட்டின் முதல் வரிசையில் நின்றன. இன்று அந்த இரண்டுமே சூப்பர் லீக்கில் இல்லை. பி.கே.என்.பி போனது. 1921இலிருந்து வேர் விட்டிருந்த பேராக் காற்பந்தும் 2025இல் அந்த வரிசையை விட்டு இறங்கியது. அதே ஆண்டு ஸ்ரீ பகாங் விலகியது, கெடாவுக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை. கிளந்தானில் 2023இல் இரண்டு அணிகள் சூப்பர் லீக்கில் இருந்தன. அடுத்த சீசனில் ஒன்றுதான் மிச்சம். அரசின் நிலக் குடியேற்ற அமைப்பான ஃபெல்டாவின் அணி ஃபெல்டா யுனைடெட் 2007இல் தொடங்கி 2020 சீசனோடு முடிந்தது. ஃபெல்டாவின் பின்னால் எத்தனை லட்சம் ஏக்கர் செம்பனை என்று உங்களுக்கே தெரியும். இதற்குப் பிறகும் செம்பனை நிறுவனம் ஸ்பான்சர் ஆகுமா என்று கேட்கிறீர்கள்.

ஆக, ரசிகர் இருக்கிறார்களா என்று பார்த்து மட்டும் இதற்குப் பதில் சொல்ல முடியாது. வடக்குப் பேராக்கில் காற்பந்து பைத்தியங்களுக்குப் பஞ்சமே இல்லை. நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆட்டத்துக்கு 3,000 பேர் வருகிறார்கள், டிக்கெட் 15 வெள்ளி (ரிங்கிட்), சொந்தத் திடலில் 12 ஆட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 5,40,000 வெள்ளி. ஆட்டக்காரர் 25 பேர், தலைக்கு மாதம் 5,000 வெள்ளி என்றால் ஆண்டுக்கு 15,00,000. இபிஎஃப் என்ற சேமநிதியில் முதலாளி பங்கு, பயிற்சியாளர், பஸ், திடல் வாடகை, மருத்துவம் எல்லாம் தனி. டிக்கெட் பணம் சம்பளத்தில் பாதியைக்கூடத் தொடாது. தொலைக்காட்சிப் பணமா? 2018இல் டெலிகோம் மலேசியா எட்டு ஆண்டுக்கு 48 கோடி வெள்ளி என்று ஒப்பந்தம் போட்டது. மறு ஆண்டே அது முறிந்தது. அந்தப் பணத்தை நம்பிப் போட்ட பட்ஜெட்டுகள் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது கோபத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் ஸ்பான்சர் என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். சம்பளம் என்று ஓர் இடத்தில்கூட இல்லை. ஆட்டக்காரன் சாப்பிட வேண்டும், வாடகை கட்ட வேண்டும், அவனுக்கும் அப்பா அம்மா இருக்கிறார்கள் என்ற நினைப்பு ஜெர்சி வரைந்த ஒருவருக்கும் வரவில்லை. தம்பி, நீங்கள் தோட்டத்து ஊரில் பிறந்தவர். உங்கள் தாத்தா ரப்பர் மரத்தில் பால் வெட்டியிருப்பார், இல்லை அவருடைய அண்ணனாவது வெட்டியிருப்பார். வேறு யார் மறந்தாலும் நீங்கள் மறக்கலாமா?

என் அக்காள் மகன் தொழில்முறை ஆட்டக்காரனாக இருந்தான். எந்த அணி என்று சொல்லப்போவதில்லை. அவன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அன்று அக்காள் கோயிலில் அர்ச்சனை செய்து, தெரு முழுக்க லட்டு கொடுத்தாள். முதல் சில மாதம் பணம் ஒழுங்காக வந்தது. பிறகு பாதி வந்தது. பிறகு "அடுத்த வாரம்" வந்தது. சம்பளச் சீட்டு மட்டும் மாதம் தவறாமல் வரும். நான் அதைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். அடிப்படைச் சம்பளம், அலவன்ஸ், இபிஎஃப் பிடித்தம், சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதிப் பிடித்தம், கடைசியில் நிகரத் தொகை, எல்லாம் அச்சுப் பிசகாமல் இருக்கும். வங்கிக் கணக்கில் ஒன்றும் ஏறியிருக்காது. இபிஎஃப் கணக்கைத் திறந்து பார்த்தால், பிடித்ததாகச் சீட்டில் போட்டிருந்த பணம் அங்கேயும் இல்லை.

காலையில் பயிற்சி, இரவில் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு டெலிவரி என்று ஓடினான். அணியின் பயிற்சிச் சட்டையோடுதான் போவான், அவனிடம் நல்ல சட்டை என்று இருந்தது அதுதான். அதன் மேல் ஜேக்கெட்டை நம் ஊர் மோட்டார் சைக்கிள்காரர்கள் போடுவதுபோல முன்பின்னாக மாட்டிக்கொள்வான். காற்றுக்காக என்று நான் நினைத்தேன். ஒருநாள் வீட்டுக்குள் வந்தும் கழற்றவில்லை. மார்பில் இருக்கும் சின்னத்தை யாராவது பார்த்து, "நீ அந்த அணியில் ஆடுறவன்தானே?" என்று கேட்டுவிடக் கூடாது என்று மறைத்துக்கொண்டிருந்தான். இருபத்து நாலு வயசுப் பையன். அந்தச் சீசனில் அவன் அடித்த கோலுக்கு அரங்கமே எழுந்து நின்றது. நானும் அங்கே இருந்தேன்.

நீங்கள் சின்னம் வரைந்து வைத்திருப்பதாக எழுதியதைப் படித்ததும் எனக்கு நினைவு வந்தது அந்த ஜேக்கெட்தான்.

என் அப்பா பால்மரம் வெட்டினார். விடியுமுன் ஆளெண்ணிப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் கூலி இல்லை. மழைக்காலத்தில் அம்மா வானத்தைப் பார்த்தபடி அரிசி அளப்பார். மாதச் சம்பளம் வேண்டும் என்று தோட்டத் தொழிலாளர்கள் எத்தனை காலம் கேட்டார்கள்! தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954இலிருந்து இருக்கிறது. இந்த நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் சட்டமாகி நடைமுறைக்கு வந்தது 2013இல், தீபகற்பத்தில் 900 வெள்ளி. கூலி குறைவு, பிடித்தம் அதிகம், துரையின் வாய் கெட்ட வாய். எல்லாம் உண்மை. ஆனால் எங்கள் தோட்டத்தில் சம்பள நாள் என்றால் சம்பள நாள்தான். ஆபீஸ் முன்னால் மேசை போடுவார்கள். கணக்கு எழுதும் கிராணியார், வேலைப் பதிவேடான செக்ரோலைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். கட்டைவிரலில் மை வைத்து உருட்டிவிட்டு அப்பா நோட்டுகளை அங்கேயே நின்று எண்ணுவார். கேட்டுக்கு வெளியே கடைக்காரர் கடன் புத்தகத்தோடு காத்திருப்பார், அது வேறு கதை. ஆனால் வேலை செய்தவனை வெறுங்கையோடு அனுப்பிவிட்டு, "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று சொல்லும் துணிச்சல் அந்தத் துரைக்கே இருந்ததில்லை. சொல்லியிருந்தால் மறுநாள் காலை ஒருவரும் மரத்துக்குப் போயிருக்க மாட்டார்கள்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் படிப்பில்லாத சனம் விட்டுக்கொடுக்காததை, ஒப்பந்தமும் வக்கீலும் உள்ள இந்தக் காலத்தில் ஆட்டக்காரர்கள் மாதக்கணக்கில் பொறுத்துப்போகிறார்கள். ஏன்? ஆசைதான். ஆடாமல் விட்டால் அடுத்த சீசனில் வேறு அணி எடுக்காது என்ற பயம் இன்னொரு பக்கம். இந்த ஆசையும் பயமும் இருப்பது தெரிந்துதான் அணிகள் கடன் சொல்கின்றன. மலேசியத் தொழில்முறைக் காற்பந்தாட்டக்காரர் சங்கம் இந்தப் பாக்கிகளைப் பற்றிப் பேசிப் பேசி ஓய்ந்துபோயிருக்கிறது.

"அப்படியென்றால் அந்தக் காலத்தில் எப்படி நடந்தது?" என்று உங்கள் நண்பர் யாராவது கேட்பார். 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்காவை 3–0 என்று வென்ற மலேசிய அணியில் சந்திரன் இருந்தார். 1980இல் தென் கொரியாவை மெர்டேக்கா அரங்கில் 2–1 என்று வென்று மாஸ்கோவுக்குத் தகுதி பெற்ற அணியின் கோல்கீப்பர் ஆறுமுகம். அவர்கள் காலத்தில் காற்பந்து அமெச்சூர்தான். பகலில் எங்காவது வேலை, மாலையில் பயிற்சி. இங்கே அரைத் தொழில்முறை லீக் வந்ததே 1989இல், முழுத் தொழில்முறை 1994இல். அமெச்சூருக்கு அவன் வேலை பார்க்கும் இடத்தில் மாதக் கடைசியில் சம்பளம் வந்தது. தொழில்முறைக்காரனுக்கு இருப்பது ஆட்டம் ஒன்றுதான். அதுவும் கூலி தராவிட்டால் அவன் எங்கே போவான்?

அதனால், தம்பி, தொழில்முறை அணி என்று தொடங்காதீர்கள். அரைத் தொழில்முறையில் தொடங்குங்கள். பையன்கள் வேலையை விட வேண்டாம். மாதம் 800 வெள்ளிதான் முடியும் என்றால் 800 என்றே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், அதை நாள் தவறாமல் கொடுங்கள். முதல் பந்து உருளுவதற்கு முன்னாலேயே சீசன் முழுவதற்குமான சம்பளம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். அணித் தலைவர், பொருளாளர், ஆட்டக்காரர்கள் தேர்ந்தெடுத்த ஒருவர், மூன்று பேர் கையெழுத்தும் இல்லாமல் அதிலிருந்து ஒரு காசு வெளியே வரக் கூடாது. ஜெர்சிக்கும் பஸ்ஸுக்கும் அதைத் தொடக் கூடாது. ஸ்பான்சர் வந்தால் வரட்டும், அந்தப் பணத்தில் திடலுக்கு விளக்குப் போடுங்கள். சம்பளத்தை மட்டும் ஒரு தனி மனிதரின் தயவில் வைக்காதீர்கள். அவர் மனசு மாறும், தேர்தல் வரும், வியாபாரம் படுக்கும்.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நீங்கள் எந்த ஊர்க்காரர்? அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர்க்காரர். வெள்ளைக்காரன் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக ஆரம்பித்து, தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடலில் சனங்கள் தெருவுக்கு வந்தபோது, அவர் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்து வெள்ளி பத்து வெள்ளியாகச் சேர்த்தார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அப்படித்தான் எழுந்தது. கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை அந்தப் பணத்தில்தான் வாங்கினார்கள். பங்கு போட்டவர்கள் பால் வெட்டியவர்களும் புல் வெட்டியவர்களும்தான். இன்று சுங்கை சிப்புட்டிலும் கோலகங்சாரிலும் தைப்பிங்கிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் வடக்குப் பேராக் பிள்ளைகளில் இரண்டாயிரம் பேர் மாதம் பத்து வெள்ளி போட்டால் ஆண்டுக்கு 2,40,000 வெள்ளி. 800 வெள்ளிக் கணக்கில் இருபத்தைந்து பேருக்கு ஓர் ஆண்டுச் சம்பளம் சரியாக அவ்வளவுதான். மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லோரிடமும் வாங்குங்கள். பத்து வெள்ளி போட்டவருக்கு ஓட்டு கொடுங்கள். ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து, "சம்பளப் பாக்கி எவ்வளவு?" என்று கேட்க அவருக்கு உரிமை இருக்க வேண்டும். ஜெர்மனியில் பெரும்பாலான அணிகளில் ஓட்டின் பெரும்பான்மை உறுப்பினர்களிடம் இருந்தாக வேண்டும் என்று லீக் விதியே உண்டு. நமக்கு ஜெர்மனிவரை போக வேண்டியதும் இல்லை.

இரண்டாயிரம் பேர் பத்து வெள்ளி போடத் தயாராக இல்லையென்றால், வடக்குப் பேராக் அணியைத் தாங்காது. பையன்களை அழைத்துவந்து ஏமாற்றாமல் சின்னத்தைச் சுவரில் மாட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பான்சருக்கு ஆள் சொல்லக் கேட்டீர்கள். தெரியும், ஆனால் சொல்ல மாட்டேன். வங்கிக் கணக்கைத் திறந்துவிட்டு, யார் யார் கையெழுத்து என்று எனக்கு எழுதுங்கள். அன்றைக்கே என் பங்கைக் கட்டுகிறேன். என் அக்காள் மகன் இப்போது கோலகங்சாரில் ஏர்கோன் பழுது பார்க்கிறான். சின்னப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்க அவனுக்கு ஆசை இருக்கிறது. உங்களிடம் அனுப்பி வைக்கிறேன். அவனுக்குச் சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில் என்று முதல் நாளே பேசிவிடுங்கள்.