தறிச் சத்தத்தில் பழகிய காதுக்கு முதல் பரிசோதனை

கேள்வி: எனக்கு வயது 61. பள்ளிபாளையத்தில் 30 ஆண்டுகளுக்கு மேல் விசைத்தறி ஓட்டினேன். இப்போதும் அவ்வப்போது பட்டறைக்குப் போய் வருகிறேன். டிவியை அலற விடுகிறேன் என்று வீட்டில் தினமும் சண்டை. பேசுவது காதில் விழுகிறது, என்ன சொல்கிறார்கள் என்பதுதான் பிடிபடுவதில்லை. காதைப் பரிசோதிக்க மகள் நாள் குறித்துவிட்டாள். காதுக்குள் ஊசி, குழாய் ஏதாவது விடுவார்களா? பட்டனைத் தவறாக அழுத்திவிட்டால் என்ன ஆகும்? அன்றைக்கே காது கேட்கும் மெஷினை மாட்டிவிடுவார்களோ என்றும் தயக்கமாக இருக்கிறது.

பதில்: ஊசி கிடையாது ஐயா. ரத்தம் எடுப்பதில்லை, மயக்கம் கொடுப்பதில்லை, வெறும் வயிற்றில் போகவும் வேண்டாம். முழுப் பரிசோதனையும் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

முந்தைய நாள் மட்டும் பட்டறைப் பக்கம் போகாதீர்கள். பெரிய சத்தத்தில் இருந்துவிட்டு வந்தால் காது சில மணி நேரம் மந்தமாகவே இருக்கும். அந்த நிலையில் அளந்தால் உள்ளதைவிட மோசமாகக் காட்டும். ஊக்கு, ஹேர்பின், பட்ஸ் எதையும் காதில் விட வேண்டாம். நாம் எடுப்பதாக நினைக்கும் குறும்பி பெரும்பாலும் உள்ளேதான் தள்ளப்படுகிறது. எண்ணெய் ஊற்றிச் சுத்தம் செய்துகொண்டு வராதீர்கள், இருக்கிறபடியே வாருங்கள். சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு கொண்டுவாருங்கள். எப்போதாவது காசநோய்க்கு ஊசி போட்டிருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஊசி மருந்துகளில் சில உள்காதைப் பாதிக்கக்கூடியவை.

முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர் சின்ன விளக்கு உள்ள கருவியால் காதுக்குள் பார்ப்பார். குறும்பி அடைத்திருந்தால் எடுத்துவிட்டுத்தான் மேலே போவார். சிலருக்கு அதோடு பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். பிறகு இசைக்கவையை (தட்டினால் ஒலிக்கும், இரு கிளை உள்ள உலோகக் கருவி) தட்டி நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வைத்து, எந்தப் பக்கம் கேட்கிறது என்று கேட்பார்.

அடுத்ததுதான் நீங்கள் பயப்படும் பட்டன். சத்தம் புகாத சிறிய அறையில் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் பட்டனைக் கொடுப்பார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆடியாலஜிஸ்ட், அதாவது கேட்கும் திறனை அளக்கும் நிபுணர், இருப்பார். 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை (ஹெர்ட்ஸ் கூடக் கூட ஒலி கீச்சென்று இருக்கும்), கனத்த ஒலியிலிருந்து கீச்சென்ற ஒலிவரை, ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாக அனுப்புவார். கேட்டதும் அழுத்த வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் அழுத்தினால் ஒலியை 10 டெசிபல் (சத்தத்தின் அளவைக் காட்டும் அலகு) குறைப்பார். அழுத்தாவிட்டால் 5 டெசிபல் கூட்டுவார். இப்படி ஏற்றி இறக்கி, உங்கள் காதுக்கு எட்டும் மிக மெல்லிய ஒலி எது என்று பிடிப்பதே நோக்கம். ஆகவே நன்றாகக் கேட்கும் காது உள்ளவருக்கும் பல ஒலிகள் எட்டாமல்தான் போகும். தேர்வில் தோற்கிறோம் என்று நினைத்து ஊகித்து அழுத்தாதீர்கள். அதேபோல, ‘தெளிவாகக் கேட்டால்தான் அழுத்த வேண்டும்’ என்று காத்திருக்கவும் வேண்டாம். கொசு தூரத்தில் பறப்பது போலக் கேட்டாலும் அழுத்துங்கள். ஒன்றிரண்டு தவறினால் கெட்டுப்போவதில்லை, ஒவ்வோர் ஒலியையும் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள்.

பிறகு காதுக்குப் பின்னால் எலும்பில் சிறிய அதிர்வுக் கருவியை வைத்து மறுபடி அளப்பார்கள். எலும்பு வழியாக நன்றாகக் கேட்டு, ஹெட்போனில் குறைவாகக் கேட்டால் கோளாறு வெளிக்காதிலோ நடுக்காதிலோ இருக்கிறது. இரண்டும் ஒன்றாகக் குறைந்திருந்தால் உள்காதில். நடுவே ஒரு காதில் காற்று வீசுவதுபோல இரைச்சல் விடுவார்கள். அது மற்ற காது உதவிக்கு வராமல் தடுக்க. அதைப் பொருட்படுத்தாமல் மணிபோன்ற ஒலியை மட்டும் கவனியுங்கள்.

சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லவைக்கும் பகுதி உங்களுக்கு மிக முக்கியம். தறி ஓட்டியவர்களிடம் நான் பார்க்கும் ஒரு பழக்கம் உண்டு. பட்டறைச் சத்தத்தில் பேச்சு எடுபடாததால், ஆண்டுக்கணக்காக எதிரில் உள்ளவரின் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டிருப்பார்கள். அப்படிச் செய்வது அவர்களுக்கே தெரியாது. ஆடியாலஜிஸ்ட் ஓர் அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு ‘பத்து’ என்பார். நேருக்கு நேர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் ‘பட்டு’ என்பார். உங்கள் மனைவி சமையலறையிலிருந்து கூப்பிடும்போது புரியாமல், எதிரில் உட்கார்ந்து பேசினால் புரிகிறதா? வீட்டில் இதைக் கவனித்துவிட்டு வாருங்கள்.

‘விழுகிறது, பிடிபடவில்லை’ என்று நீங்கள் எழுதியதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. விசைத்தறிக் கூடத்தில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். அது உள்காதின் நுண்ணிய மயிர்ச்செல்களைத் தேய்க்கிறது. முதலில் அடிபடுவது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி. ஆ, ஓ போன்ற உயிரொலிகளின் கனமான பகுதி குறைவான ஹெர்ட்ஸில் இருப்பதால் பேச்சின் ஓசை காதில் விழும். ச, த, ட, க போன்றவற்றைப் பிரித்துக் காட்டும் மெல்லிய ஒலிகள் உயர்ந்த ஹெர்ட்ஸில் இருப்பதால் அவை நழுவிவிடும். பரிசோதனை முடிவைக் காட்டும் வரைபடத்தில் வலக்காதைச் சிவப்பு வட்டத்தாலும் இடக்காதை நீலப் பெருக்கல் குறியாலும் குறிப்பார்கள். கோடு கீழே இறங்க இறங்கக் கேட்கும் திறன் குறைவு. 25 டெசிபலுக்குள் இருந்தால் இயல்பு என்பது பெரும்பாலும் கையாளப்படும் கணக்கு. உங்கள் கோடு 4000-இல் பள்ளமாக இறங்கினால் நான் வியப்படைய மாட்டேன். ஆனால் வயது, சர்க்கரை, குறும்பி என்று வேறு காரணங்களும் கலந்திருக்கலாம். கடிதத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது.

மெஷின் விஷயத்தில் யாரும் உங்களை அன்றைக்கே வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. அறிக்கையைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் யோசியுங்கள். வாங்குவதானால் மாட்டிப் பழகிப் பார்த்த பிறகு வாங்குங்கள். பரிசோதிக்காமல் கடையில் விற்கும் மலிவுக் கருவியை மட்டும் வாங்காதீர்கள். அது எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி பெருக்கும், உங்களுக்குக் குறைவது சில ஒலிகள் மட்டுமே. விலையுயர்ந்ததுதான் வேண்டும் என்பதும் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் முதலில் விசாரியுங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஒரு காது திடீரென்று, ஒரு நாளிலோ மூன்று நாளிலோ கேட்காமல் போனால், குறித்த நாளுக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். சில நாட்களுக்குள் மருந்து தொடங்கினால்தான் மீள வாய்ப்பு அதிகம். சீழ் வடிந்தாலும், தலைசுற்றல் சேர்ந்தாலும் தாமதம் கூடாது.

பரிசோதனைக்கு மகளையும் அழைத்துச் செல்லுங்கள். எந்தச் சொற்கள் உங்களுக்கு நழுவுகின்றன என்பது உங்களைவிட அவருக்குத்தான் தெரியும். இனி பட்டறைக்குள் கால் வைக்கும்போதெல்லாம் காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே இப்போது தறி ஓட்டும் இளைஞர்களுக்கும் ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள்.