பென்குயின்களுக்காகத் திரட்டும் நிதி எங்கே போகிறது?

"பென்குயினைக் காப்பாற்ற நன்கொடை கேட்கிறார்களே, அந்தப் பணத்தை வைத்து அப்படி என்னதான் செய்வார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். தென்னாப்பிரிக்காவை எடுத்துக்கொள்வோம்.

2000-இல் ட்ரெஷர் என்ற சரக்குக் கப்பல் கேப் டவுன் அருகே மூழ்கியது. எண்ணெயில் நனைந்த சுமார் 19,000 பென்குயின்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கழுவினார்கள். கழுவியதும் கடலில் விட்டுவிட முடியாது. இறகில் மறுபடி தண்ணீர் ஒட்டாத தன்மை வரும்வரை வைத்திருந்து, கையால் மீன் ஊட்ட வேண்டும் (நன்றாகக் கொத்தவும் செய்யும்!). பணம் கரைவது இப்படித்தான்.

அப்புறம் கூடுகள். படிந்து கெட்டியான பறவை எச்சத்தைக் குடைந்துதான் இவை முட்டையிட்டு வந்தன. அதை உரத்துக்காகச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். இப்போது வெயில் படாமலிருக்கச் செயற்கைக் கூடுகள் வைக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், இரை மீனைக் காக்கும் வேலைக்குக் கொடுப்பதே அதிகப் பலன் தரும். பறவைகளைக் காக்கும் அமைப்புகளான பேர்ட்லைஃப் சவுத் ஆப்பிரிக்காவும் சான்காபும் இதற்காக 2024-இல் வழக்குத் தொடுத்தன. 2025 மார்ச்சில், பென்குயின்கள் வாழும் ஆறு இடங்களைச் சுற்றி வணிக ரீதியில் மத்தி, நெத்திலி பிடிக்க 10 ஆண்டுத் தடை கிடைத்தது. குஞ்சுக்கு ஊட்டத் தாய் தந்தைக்குப் பக்கத்திலேயே மீன் கிடைத்தாக வேண்டுமே!